நிலா விலகுவது பிரபஞ்சம் விரிவதாலா? கணக்கு கிட்டத்தட்ட ஒத்துவருகிறதே!

அரைக்கணக்கு:

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் சந்தேகம். அபத்தமாக இருந்தால் திட்டாமல் சொல்லுங்கள். நான் இயற்பியல் படித்தவன் இல்லை, கூட்டல் வகுத்தல் மட்டும் ஒழுங்காக வரும்.

நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போகிறது. அப்பல்லோ ஆட்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசர் அடித்து, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து அளந்தது, ஆக அந்த எண்ணில் சந்தேகம் இல்லை. இன்னொரு பக்கம் பிரபஞ்சம் விரிகிறது, ஹபிள் மாறிலி (அந்த விரிவின் வீதம்) ஒரு மெகாபார்செக்குக்கு (ஏறக்குறைய 33 லட்சம் ஒளியாண்டு) நொடிக்கு 70 கிலோமீட்டர் என்கிறார்கள். அலகைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, ஆனால் அதை மாற்றிப் போட்டால் விஷயம் ரொம்ப எளிது: எந்தத் தூரமாக இருந்தாலும் ஒரு வருடத்தில் அதில் 1400 கோடியில் ஒரு பங்கு கூடுகிறது, அவ்வளவுதான். சரி என்று நிலாவின் தூரம் 3,84,400 கிலோமீட்டரை 1400 கோடியால் வகுத்தேன். 2.7 சென்டிமீட்டர் வந்தது.

விடை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகவோ நூறு கிலோமீட்டராகவோ வந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அதே சென்டிமீட்டரில் வந்து நிற்கிறதே! அப்படியானால் நிலா விலகுவதில் பெரும்பங்கு பிரபஞ்ச விரிவு, மிச்சம் மட்டும்தான் எல்லோரும் சொல்லும் கடல் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) என்று ஏன் சொல்லக்கூடாது?

அப்புறம் இன்னொன்று, எல்லாம் விலகிப் போகிறது என்றால் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடா மட்டும் ஏன் நம்மை நோக்கி வருகிறது?

சுருக்கமாக:

தற்செயல். அதே வகுத்தலைச் சூரியனுக்கும் போட்டுப் பாருங்கள்.

அரைக்கணக்கு:

போட்டேன். 15 கோடி கிலோமீட்டர் வகுத்தல் 1400 கோடி, வருடத்துக்கு 10.7 மீட்டர் வருகிறது. அவ்வளவு பெரிய தூரத்தில் பத்து மீட்டர் கூடினால் கண்டுபிடிக்க முடியுமா என்ன?

ஓதக்காரன்:

தாராளமாக முடியும். 1976-ல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கின. அங்கிருந்து ரேடியோ அலை வந்துபோகும் நேரத்தை வைத்துப் பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள தூரத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் அப்போதே அளந்தார்கள், இன்றைய கலங்களில் அது இன்னும் மேம்பட்டுவிட்டது. கோள்களின் பாதைகள் வருடத்துக்குப் பத்து மீட்டர் கணக்கில் வீங்கிக்கொண்டிருந்தால் 1976-லிருந்து இன்றைக்குள் அரை கிலோமீட்டர் பிசகியிருக்கும். விண்கலம் அனுப்புகிறவர்கள் அத்தனை பேருக்கும் அது கண்ணில் குத்தியிருக்கும். அப்படி எதுவும் இல்லை.

ஆனால் ஒரு வேடிக்கை, பூமி சூரியனை விட்டு விலகுவது உண்மைதான், வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். காரணம் பிரபஞ்சம் அல்ல, சூரியனே. அதன் மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில் நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது, அதில் 40 லட்சம் டன் நிறை ஒளியாகிப் போய்விடுகிறது. இதற்கு மேல் சூரியக் காற்று வேறு கொஞ்சத்தை அள்ளிக்கொண்டு போகிறது. நிறை குறையக் குறையப் பிடி தளர்கிறது, பிடி தளர்ந்தால் பூமியின் பாதை அகலும். ஒரு விண்மீன் எரிவதன் செலவு நம் சுற்றுப்பாதையில் சென்டிமீட்டராக எழுதப்படுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இப்போது நிலாவுக்கு வருகிறேன். நிலாவின் ஈர்ப்பால் கடல் இரண்டு பக்கமும் புடைக்கிறது. பூமி நிலாவைவிட வேகமாகச் சுழல்வதால் அந்தப் புடைப்பை நிலாவுக்கு நேர்கீழே நிற்கவிடாமல் சற்று முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. முன்னால் நிற்கும் அந்தப் புடைப்பு நிலாவைத் தொடர்ந்து முன்னோக்கி இழுக்கிறது, நிலா இன்னும் பெரிய வட்டத்துக்கு ஏறுகிறது, அந்தக் கணக்கைப் பூமி தன் சுழற்சியிலிருந்து கட்டுகிறது. அதாவது கோண உந்தம் (சுழலும், சுற்றும் இயக்கத்தின் அளவு) ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறுகிறது. அதனால்தான் இதைச் சோதிக்க முடிகிறது. நிலா 3.8 சென்டிமீட்டர் விலகுவது முழுக்க ஓதத்தால் என்றால் நம் நாள் நூற்றாண்டுக்கு 2.3 மில்லிநொடி நீள வேண்டும். உங்கள் கணக்குப்படி 2.7 போக மிச்சம் 1.1 சென்டிமீட்டர்தான் ஓதம் என்றால் நாள் முக்கால் மில்லிநொடிகூட நீளக்கூடாது, ஏனென்றால் பிரபஞ்சம் விரிந்தால் பூமியின் சுழற்சி ஏன் மெதுவாக வேண்டும்?

நாள் எவ்வளவு நீள்கிறது என்பதை அளந்திருக்கிறார்கள். பாபிலோனியர்கள் களிமண் ஏட்டில் குறித்து வைத்த கிரகணங்கள் கி.மு. எட்டாம் நூற்றாண்டுவரை போகின்றன. பூமி இன்றுபோலவே எப்போதும் சுழன்றிருந்தால் அந்தக் கிரகணங்கள் எந்த நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டால், ஏட்டில் உள்ள நேரத்தோடு ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடிக்கிறது. மில்லிநொடிகள் நாளுக்கு நாள் சேர்ந்து சேர்ந்து அவ்வளவு ஆகிவிட்டது.

அரைக்கணக்கு:

ஒரு நிமிடம். இதைத் தேடிப் போனேன், அந்தக் கிரகணக் கணக்கு நூற்றாண்டுக்கு 1.8 மில்லிநொடி என்றுதான் போட்டிருக்கிறது, நீங்கள் சொல்லும் 2.3 இல்லை. அந்த இடைவெளியில் என் பிரபஞ்சம் ஒளிந்திருக்கலாம் இல்லையா? (விடமாட்டேன்.)

ஓதக்காரன்:

நல்ல கேள்வி, இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அங்கேயும் இடம் இல்லை. கடைசிப் பனியுகத்தில் துருவங்களை ஒட்டிய நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் பனி அழுத்திக்கொண்டிருந்தது. பனி உருகியதும் அமுங்கிய நிலம் மெல்ல மேலெழும்பிக்கொண்டிருக்கிறது, இன்னும் நிற்கவில்லை. அதனால் பூமியின் இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கிறது, கைகளை மடக்கிக்கொண்டு சுழலும் சறுக்கு நடனக்காரர் வேகமெடுப்பதுபோல் சுழற்சி கொஞ்சம் வேகமாகிறது. அந்த அரை மில்லிநொடி அங்கே போகிறது. இது இட்டுக்கட்டியது அல்ல, பூமியின் வடிவம் இப்படி மாறுவதைச் செயற்கைக்கோள்களின் பாதை நகர்வதிலிருந்து தனியாகவே அளந்திருக்கிறார்கள்.

பவளப்பாறைக்காரர்களும் இதே பக்கம்தான். சில பவளங்கள் நாளுக்கு ஒரு மெல்லிய வரியாக வளர்ந்து, வருடத்துக்கு ஒரு பட்டையாகத் தெரியும். 1963-ல் ஜான் வெல்ஸ் டெவோனியன் காலத்து (ஏறக்குறைய 40 கோடி ஆண்டு முந்தைய) புதைபடிவப் பவளங்களில் அந்த வரிகளை எண்ணினார், வருடத்துக்கு ஏறக்குறைய 400 வந்தது. வருடத்தின் நீளம் மாறவில்லை என்றால் நாள் 22 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பூமி வேகமாகச் சுழன்றிருக்கிறது, கணக்கு முடிந்தது.

மேலேபோனகல்:

ஓதப் பக்கத்தை மேலே அழகாகச் சொல்லிவிட்டார்கள், நான் மற்றதைத் தொடுகிறேன். "நிலாவுக்கும் நமக்கும் நடுவில் உள்ள இடம் ஏன் விரியவில்லை" என்ற கேள்விக்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள், விரிவு வெளியே தள்ளுகிறது, ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, சின்ன அளவில் ஈர்ப்பு ஜெயித்துவிடுகிறது என்று. கேட்கச் சரியாக இருக்கும். எனக்கு அது பிடிக்காது, ஏனென்றால் விரிவை ஒரு விசையாகக் கற்பனை செய்ய வைத்துவிடுகிறது, அப்புறம் அந்த விசை நம் எலும்பையும் கொஞ்சம் இழுக்கிறதோ என்று யோசிக்கத் தொடங்கிவிடுவோம்.

கல்லை மேலே எறிகிறீர்கள் என்று வையுங்கள். அது மேலே போவதற்குக் காரணம் இப்போது ஏதோ அதைத் தள்ளுவது அல்ல, ஆரம்பத்தில் கிடைத்த வேகம். கல் திரும்பி விழுந்து தரையில் கிடக்கிறது. இப்போது போய் "நீ மேலே போன வேகத்தில் எவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று கேட்டால் ஒன்றும் இல்லை. பால்வழி மண்டலம், சூரியன், பூமி, நிலா எல்லாமே அப்படி எப்போதோ திரும்பி விழுந்த கற்கள். இந்த இடத்துப் பொருள் சராசரியைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது, விரிவு மெதுவாகி நின்று, திரும்பி, சரிந்து, கேலக்ஸி ஆனது. அதற்குள்ளே ஹபிள் மாறிலி என்று ஒன்று கிடையவே கிடையாது. 1400 கோடியால் வகுக்கும் உரிமை உங்களுக்கு இங்கே இல்லை, அதுதான் விஷயம்.

இப்போது ஆண்ட்ரோமீடா. அது பாதி வழியில் திரும்பிய கல். ஆரம்பத்தில் அதுவும் நாமும் மற்றவர்களைப் போலவே விலகிக்கொண்டிருந்தோம், ஒருவரையொருவர் இழுத்ததில் வேகம் குறைந்து நின்று, இப்போது 25 லட்சம் ஒளியாண்டு தூரத்திலிருந்து நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி விழுந்துகொண்டிருக்கிறோம். 1959-ல் கான், வோல்ட்யெர் என்ற இருவர் இதை வைத்து ஓர் அருமையான வேலை செய்தார்கள். பிரபஞ்சத்தின் வயதுக்குள் இரண்டும் விலகிப் போய், நின்று, இவ்வளவு வேகத்தில் திரும்பி வர வேண்டும் என்றால் இரண்டின் நிறையும் சேர்ந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களைக் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு வந்தது. கரும்பொருள் (ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) என்ற பேச்சு பரவலாவதற்கு வெகு முன்னால் கிடைத்த சாட்சி அது, வெறும் கல்லெறிக் கணக்கிலிருந்து.

மோதுமா என்று அடுத்த கேள்வி வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மோதல் உறுதி என்று எழுதினார்கள். 2025-ல் வந்த ஓர் ஆய்வு, பக்கத்து மண்டலங்களின் இழுப்பையும் அளவீட்டுப் பிழைகளையும் சேர்த்துக் கணித்துப் பார்த்து, அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் இணைய வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்கிறது.

பலூன்விரோதி:

கல் உவமை நன்று, ஆனால் கல்லுக்குத் தரை என்று ஒரு மையம் இருக்கிறது, பிரபஞ்ச விரிவுக்கு மையம் இல்லை, அதைச் சொல்லாமல் விட்டால் யாராவது "எந்த இடத்திலிருந்து எறிந்தார்கள்" என்று வந்து நிற்பார்கள். பிரபஞ்சத்தை ஊதப்படும் பலூனின் மேற்பரப்பாக நினைக்கும் பலூன் உவமையில் இந்தச் சிக்கல் இல்லைதான், ஆனால் அதில் வேறு தொல்லை, பலூனில் வரைந்த புள்ளியும் சேர்ந்து பெரிதாகிவிடும். எல்லா உவமையும் ஒரு இடத்தில் காலை வாரும்.

இன்னொரு திருத்தம். விரிவு விசை இல்லை என்பது சரி, ஆனால் விரிவு வேகமெடுக்கிறதே, அதற்குக் காரணமான கரும் ஆற்றல் உண்மையாகவே ஒரு தள்ளல்தான். 1998-ல் கண்டுபிடித்து 2011-ல் நோபல் கொடுத்தது அதற்குத்தானே.

மேலேபோனகல்:

ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தள்ளல் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவிலும் உண்டு. ஆனால் அளவைப் பாருங்கள், சூரியனின் இழுப்போடு ஒப்பிட்டால் 1-க்குப் பின்னால் 22 சுழியம் போட்டு வகுத்தால் கிடைக்கும் பங்கு. அதுவும் மாறாத அளவில் இருக்கும் தள்ளல் என்றால் பாதையை வருடா வருடம் அகலப்படுத்தாது, பாதை இருக்கும் இடத்தைக் கடுகளவு, இல்லை, கடுகில் அணுவளவு தள்ளி வைக்கும், அத்தோடு சரி. நிலாவின் 2.7 சென்டிமீட்டருக்கு அதனிடமிருந்தும் உதவி கிடைக்காது.

நீள்அலை:

ஆண்ட்ரோமீடா பேச்சு வந்ததால் ஒரு வரலாற்றுக் குறும்பு. கேலக்ஸிகள் விலகுகின்றன என்ற முழுக் கதைக்கும் அடித்தளம் போட்டவர் வெஸ்டோ ஸ்லைஃபர், லோவெல் வானாய்வகத்தில் இருந்தவர். 1912-ல் அவர் முதன்முதலாக அளந்த சுருள் நெபுலா (கேலக்ஸிகளை அன்றைக்கு அப்படித்தான் அழைத்தார்கள்) எது தெரியுமா? ஆண்ட்ரோமீடா. நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருந்தன, நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது என்று வந்தது. (மேலே சொன்ன 110-க்கும் இந்த 300-க்கும் முரண் இல்லை, சூரியன் பால்வழியைச் சுற்றும் வேகமும் இதில் கலந்திருக்கிறது, அதைக் கழித்தால் மண்டலத்துக்கு மண்டலம் 110.) அந்த ஒன்றோடு நிறுத்தியிருந்தால் பிரபஞ்சம் சுருங்குகிறது என்று எழுதியிருப்பார்களோ என்னவோ. அவர் நிறுத்தவில்லை, அடுத்தடுத்து அளந்தவற்றில் பெரும்பாலானவை சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன, அதாவது விலகிக்கொண்டிருந்தன.

ஆனால் வேகம் தெரிந்தால் போதாது, தூரம் தெரிய வேண்டும், அதற்கு வழிகாட்டியவர் வானியலாளர் ஹென்ரியெட்டா லெவிட். அவர் 1912-ல் சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள 25 செஃபீடு விண்மீன்களை (ஒளி ஒழுங்காகக் கூடிக் குறைந்து துடிப்பவை) பட்டியலிட்டு, பிரகாசமானவை மெதுவாகத் துடிக்கின்றன என்று காட்டினார். எல்லாம் ஒரே மேகத்தில், அதாவது நமக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால் ஒப்பிடுவதில் குழப்பம் இல்லை. துடிப்பை எண்ணினால் உண்மையான ஒளிர்வு தெரியும், உண்மை ஒளிர்வையும் கண்ணுக்குத் தெரியும் மங்கலையும் வைத்துத் தூரம் தெரியும். 1923-ல் ஹபிள் ஆண்ட்ரோமீடாவுக்குள் அப்படி ஒரு செஃபீடைப் பிடித்ததும் அது நம் மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது என்பது உறுதியானது.

இப்போது கேள்வி கேட்டவருக்கு ஒரு தமாஷ். 1929-ல் ஹபிள் வெளியிட்ட மாறிலி 70 அல்ல, ஏறக்குறைய 500. அவருடைய தூரங்கள் எல்லாம் குறைவாக இருந்தன, ஆண்ட்ரோமீடாவுக்கே 9 லட்சம் ஒளியாண்டு என்றுதான் போட்டிருந்தார். அந்த 500-ஐ வைத்து உங்கள் வகுத்தலைப் போட்டால் நிலா வருடத்துக்கு 20 சென்டிமீட்டர் விலக வேண்டும். ஆக, 1929-ல் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். அந்த 500 வேறொரு தலைவலியையும் கொண்டுவந்தது, பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுதான் என்று காட்டியது, பூமியின் பாறைகளே அதைவிடப் பழையவை. 1952-ல் வால்டர் பாடே செஃபீடுகளில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தோம் என்று காட்டிய பிறகுதான் தூரங்கள் ஒரேயடியாக இரட்டித்தன.

இன்றைக்கும் சண்டை முடியவில்லை, நுண்ணலைப் பின்புலத்திலிருந்து (இளம் பிரபஞ்சத்திலிருந்து மிஞ்சிய ஒளி) கணித்தால் 67.4, செஃபீடும் சூப்பர்நோவாவும் (வெடிக்கும் விண்மீன்) வைத்துத் தூர ஏணி கட்டினால் 73. உங்கள் நிலாவுக்கு 2.65 அல்லது 2.87, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரைக்கணக்கு:

நிலா விஷயத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிகிறது. சரி, அப்படியானால் வகுக்கும் உரிமை எங்கே தொடங்குகிறது? ஒரு கோடு போட்டு இதற்கு வெளியே விரிவு என்று சொல்ல முடியுமா? இன்னொரு சந்தேகமும் கூடவே, ஒளி ரொம்ப தூரம் வந்து களைத்துப் போய்ச் சிவக்கிறது என்று ஏன் இருக்கக்கூடாது, விண்மீன் மண்டலங்கள் சும்மா நின்றுகொண்டிருக்கலாமே?

மேலேபோனகல்:

கோடு மாதிரியான ஒன்று உண்டு. நாமும் ஆண்ட்ரோமீடாவும் சேர்ந்த உள்ளூர்க் குழுவின் மையத்திலிருந்து ஏறக்குறைய 30 லட்சம் ஒளியாண்டு போனால் விழுவதும் இல்லை, விலகுவதும் இல்லை என்ற ஓர் எல்லை வருகிறது. அதற்கு வெளியே சராசரியாக எல்லாம் விலகத் தொடங்கும். சராசரியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். 5 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள கன்னிக் கொத்து என்ற மண்டலக் கூட்டம் நம்மை விட்டு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகுகிறது, ஆனால் அதற்குள் இருக்கும் எம்86 என்ற மண்டலம் நம்மை நோக்கி நொடிக்கு 244 கிலோமீட்டரில் வருகிறது. கொத்துக்குள் மண்டலங்கள் அவ்வளவு வேகத்தில் அலைகின்றன, அது நம் பக்கமாக வந்துகொண்டிருக்கும் ஒன்று. விரிவை உண்மையாகப் பார்க்க வேண்டுமென்றால் இந்தச் சொந்த அலைச்சல் எல்லாம் சில்லறையாகத் தெரியும் தூரத்துக்குப் போக வேண்டும்.

நீள்அலை:

களைத்த ஒளி யோசனை புதிதில்லை, 1929-லேயே ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி முன்வைத்தார், அவர் சாதாரண ஆள் அல்ல. அதைக் கொன்றது விண்மீன்களின் சாவுதான்.

சூரியன் போன்றவை எரிந்து முடித்தபின் வெண்குறுமீன் என்ற அடர்ந்த கரிக்கட்டையாக மிஞ்சும். அதன் நிறை ஓர் எல்லையை (இன்றைய கணக்கில் சூரியனைப்போல் 1.4 மடங்கு) தாண்டினால் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்று 1930-ல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது சந்திரசேகர் கணக்குப் போட்டார். இரட்டை விண்மீன்களில் ஒரு வெண்குறுமீன் துணையிடமிருந்து நிறையை உறிஞ்சி அந்த எல்லையை நெருங்கினால், அல்லது இரண்டு வெண்குறுமீன்கள் மோதிக்கொண்டால், கார்பன் மொத்தமாகப் பற்றி வெடிக்கும். இதுதான் ஒன்று-ஏ வகை சூப்பர்நோவா. இவை எல்லாம் ஒரே பிரகாசம் என்று சிலர் எழுதுவார்கள், அது சரியல்ல, பிரகாசமானவை மெதுவாக மங்கும், மங்கும் வேகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். எப்படியோ, வாரக்கணக்கில் ஏறி இறங்கும் ஒரு கடிகாரம் கிடைத்துவிட்டது.

ஒளி வெறுமனே களைத்தால் நிறம்தான் மாறும், அந்தக் கடிகாரம் ஏன் மெதுவாக வேண்டும்? விரிவு உண்மை என்றால் அலைநீளம் இரண்டு மடங்கு நீண்டிருக்கும் இடத்தில் வெடிப்பு மங்குவதற்கும் இரண்டு மடங்கு நாள் ஆக வேண்டும், ஏனென்றால் முதல் நாள் ஒளிக்கும் இருபதாம் நாள் ஒளிக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் சேர்ந்து நீள்கிறது. அளந்தால் அப்படியேதான் நீண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நேரடியான சாட்சி இல்லை, ஆனால் பலூன் படம் கிடைக்கும் அளவுக்கு இந்தப் படம் எங்கேயும் கிடைப்பதில்லை.

வழிப்போக்கன்:

இடையில் புகுகிறேன், மன்னிக்கவும். வயது 1380 கோடி ஆண்டு என்றால் பார்க்கக்கூடிய எல்லை மட்டும் எப்படி 4600 கோடி ஒளியாண்டு? ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்று சொல்லிவிட்டு இது என்ன கணக்கு?

பலூன்விரோதி:

ஒளி கிளம்பியபோது இருந்த தூரம், வந்துசேர ஆன காலம், இப்போது அந்த இடம் இருக்கும் தூரம், மூன்றும் வேறு வேறு எண்கள், எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இங்கேதான். நுண்ணலைப் பின்புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி அது. அதை அனுப்பிய பொருள் அன்றைக்கு நமக்கு (நாம் இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு) 4.2 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. பக்கம்தான். ஆனால் பாதை நீண்டுகொண்டே போனது, ஒளி நம்மை நோக்கி ஓடிய அளவைவிட நடுவில் உள்ள தூரம் முதலில் வேகமாகக் கூடியது, ஒளி பின்னோக்கிப் போனதுபோல் ஆனது, பிறகு விரிவின் வீதம் தணிந்ததும் முன்னேறத் தொடங்கி 1380 கோடி ஆண்டு கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குள் அந்தப் பொருள் ஏறக்குறைய 1100 மடங்கு தள்ளிப் போய் 4600 கோடியில் இருக்கிறது. எந்த இடத்திலும் எதுவும் தன் பக்கத்தில் ஓடும் ஒளியை முந்தவில்லை, விதி அதைத்தான் தடுக்கிறது. நடுவில் உள்ள தூரம் எவ்வளவு வேகமாகக் கூடலாம் என்பதற்கு அது தடை போடவில்லை.

அரைக்கணக்கு:

எல்லாம் சரி, ஆனால் என் முதல் கேள்விக்கு "தற்செயல்" என்ற ஒரு சொல் மட்டும்தான் கிடைத்திருக்கிறது. இரண்டு எண்ணும் ஏன் சென்டிமீட்டரில் வந்து நின்றன?

ஓதக்காரன்:

இதை இரண்டு நாளாக யோசித்தேன். முழுத் தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். நிலாவின் தூரத்தை அதன் விலகும் வேகத்தால் வகுத்துப் பாருங்கள், 1000 கோடி ஆண்டு வருகிறது. பிரபஞ்சத்துக்கு அதே வகுத்தல் 1400 கோடி. நிலாவின் வயது 450 கோடி, பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி, மூன்று மடங்குதான் வித்தியாசம். ரொம்ப காலமாக மெல்ல மெல்ல அகன்று வந்த எதை எடுத்தாலும் அதன் தூரத்தை இன்றைய வேகத்தால் வகுத்தால் அதன் வயதை ஒட்டிய எண்தான் வரும், ரொம்ப வேகமாகப் போயிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும், ரொம்ப மெதுவாக என்றால் இவ்வளவு தூரம் வந்தே இருக்காது. நிலாவும் பிரபஞ்சமும் இரண்டுமே பல நூறு கோடி ஆண்டு வயதானவை, அதனால் இரண்டும் பல நூறு கோடியில் ஒரு பங்கு என்ற வேகத்தில் போவதில் வியப்பில்லை. அதற்கு மேல் 2.7-ம் 3.8-ம் இவ்வளவு நெருக்கமாக வந்தது அதிர்ஷ்டம். நிலாவின் வேகமும் நிரந்தரமில்லை, இன்றைய கடல்களின் வடிவம் ஓதத்துக்குத் தோதாக அமைந்திருப்பதால் இப்போது கொஞ்சம் அதிகம்.

அரைக்கணக்கு:

இதுதான் எனக்கு வேண்டிய பதில். நிலாவை விட்டுவிடுகிறேன். கடைசியாக என் உயரத்தையும் 1400 கோடியால் வகுத்துப் பார்த்தேன், வருடத்துக்குச் சரியாக ஓர் அணு அளவு வளர வேண்டும்.

சுருக்கமாக:

உரிமை இல்லை.